‘நோ சிக்னல்’ என்று சொல்வது யார்?

கணினியை ஆன் செய்கிறீர்கள். உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறது, விளக்கும் எரிகிறது. திரையில் மட்டும் ‘நோ சிக்னல்’ என்ற சின்னக் கட்டம் தோன்றுகிறது. சில நொடிகளில் அதுவும் மறைந்து இருட்டாகிவிடுகிறது. மானிட்டர் போய்விட்டது என்றுதான் பலரும் முதலில் நினைப்பார்கள். ஆனால் மானிட்டர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது என்பதற்கு அந்தக் கட்டமே சாட்சி.

ஏனென்றால் அதைக் கணினி அனுப்பவில்லை. மானிட்டருக்குள் ஸ்கேலர் என்றொரு சிப் இருக்கிறது. வந்து சேரும் படத்தைத் திரையின் அளவுக்குப் பொருத்துவதும், பட்டனை அழுத்தினால் பிரைட்னஸ் மெனுவைக் காட்டுவதும் அதன் வேலை. படம் எதுவும் வராதபோது ‘நோ சிக்னல்’ என்று எழுதுவதும் அதுதான். அந்த எழுத்து தெரிகிறதென்றால் மானிட்டரின் மின்சாரம், திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட், திரை, ஸ்கேலர் எல்லாம் வேலை செய்கின்றன. மானிட்டர் பக்கம் மிச்சமிருக்கும் சந்தேகம், கேபிள் நுழையும் அந்த போர்ட் மட்டுமே.

கேபிளைத் தண்ணீர்க் குழாய் போல நினைத்துக்கொள்கிறோம்: இந்தப் பக்கம் ஊற்றினால் அந்தப் பக்கம் வந்துவிடும் என்று. விஷயம் அப்படியில்லை. படம் கிளம்பும் முன் இரண்டு பக்கமும் கொஞ்சம் பேசிக்கொள்கின்றன. கணினியையும் மானிட்டரையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளின் முனையில் 19 பின்கள் உண்டு. 18-வது பின்னில் கணினி 5 வோல்ட் கொடுக்கிறது. மானிட்டர் அதை 19-வது பின் வழியாகத் திருப்பிக் காட்டுகிறது. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்பதற்கு அதுவே அடையாளம். அடுத்து 15, 16-வது பின்கள் வழியாக, மானிட்டருக்குள் இருக்கும் ஒரு சிறு குறிப்பைக் கணினி படிக்கிறது. ஈடிஐடி என்று பெயர். 1994-இல், திரைகளுக்கான பொது விதிகளை உருவாக்கும் வெசா அமைப்பு வகுத்த முறை இது. அடிப்படைக் குறிப்பு வெறும் 128 பைட்தான். தயாரித்தவர் யார், எந்தெந்த ரெசல்யூஷனைக் காட்ட முடியும் என்பதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் குறிப்பு இருக்கும் சிப்புக்குக் கணினி தரும் 5 வோல்டே போதும். அதனால் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்ட மானிட்டரைக்கூடக் கணினி ‘இருக்கிறது’ என்று பட்டியலில் காட்டக்கூடும்.

பேச்சு முடிந்த பிறகுதான் படம் புறப்படும். இங்கே வேகமே வேறு. குறிப்பைப் படிக்கும் கம்பி நொடிக்கு அதிகபட்சம் 1 லட்சம் பிட் வேகத்தில் நிதானமாக நடக்கிறது. சாதாரண முழு எச்டி படத்துக்கோ, ஓரத்து வெற்றிடங்களையும் சேர்த்தால், நொடிக்கு 14.85 கோடி புள்ளிகள் வேண்டும். அவற்றைச் சுமக்கும் மூன்று ஜோடிக் கம்பிகளில் ஒவ்வொன்றிலும் நொடிக்கு 148.5 கோடி பிட் ஓடுகிறது. கேபிள் லேசாகப் பழுதாகியிருந்தால் மெதுவான பேச்சு தடையில்லாமல் நடந்துவிடும். படம் மட்டும் வழியிலேயே சிதைந்துபோகும். மானிட்டரின் பெயரைக் கணினி சரியாகச் சொல்கிறது, திரையோ காலி என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

எச்டிஎம்ஐ போன்ற இன்னொரு இணைப்பு வகையான டிஸ்ப்ளேபோர்ட்டில் ஒத்திகையும் உண்டு. கணினி தெரிந்த ஒரு பிட் வரிசையை அனுப்பும், ‘சரியாக வந்ததா?’ என்று கேட்கும். வரவில்லை என்றால் மின்னழுத்தத்தைக் கூட்டிப் பார்க்கும், அப்புறம் வேகத்தைக் குறைக்கும். தூக்கத்திலிருந்து எழும் மானிட்டர் இந்த ஒத்திகையில் சில சமயம் தடுமாறிவிடும். மானிட்டரின் பவர் கேபிளைக் கழற்றி, அரை நிமிடம் விட்டு மாட்டினால் எல்லாம் முதலிலிருந்து நடக்கும். ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்ற பழைய வைத்தியத்துக்கு இங்கே நியாயமான காரணம் இருக்கிறது.

1987-இல் வந்த விஜிஏ என்ற பழைய இணைப்புக்கு இந்தச் சம்பிரதாயம் இல்லாமலே படம் வந்துவிடும். நிறத்தைச் சுமக்கும் ஒரு பின் வளைந்தால் நிறம் மட்டும் மாறும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? மானிட்டரின் இன்புட் மெனுவிலிருந்து. நானே ஒருமுறை கணினியின் நினைவகமான ராமைக் கழற்றித் துடைத்து மாட்டி, கேபினெட்டை மூடிய பிறகுதான் பார்த்தேன்: கேபிள் இருந்தது எச்டிஎம்ஐயில், மானிட்டர் காத்திருந்தது டிஸ்ப்ளேபோர்ட்டில். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் கேபிள் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும். மதர்போர்டு போர்ட்டில் மாட்டினால் பல கணினிகளில் ஒன்றும் வராது. இன்டெல்லில் பெயர் ‘எஃப்’ என்று முடியும் செயலிகளில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. அங்கே மதர்போர்டு போர்ட் என்றைக்கும் ஊமைதான்.

அடுத்து, கணினி உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் கணினி உயிரோடு இருக்கிறது; படம்தான் வழியில் தொலைகிறது. மாறாவிட்டால் கணினி தன் தொடக்கச் சோதனையையே தாண்டாமல் நிற்கலாம். அப்போது ராமைக் கழற்றி, ஒன்றை மட்டும் மாட்டிப் பார்ப்பது நல்லது. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். புதிதாக டிடிஆர் 5 ராம் போட்டிருந்தால் பொறுமை வேண்டும்: முதல் முறை அது தன்னைச் சரிசெய்துகொள்ளச் சில நிமிடங்கள் பிடிக்கக்கூடும், அதுவரை திரை இருட்டுதான்.

தொடக்கத்தில், கணினியை எழுப்பும் பயாஸ் மென்பொருளின் லோகோ தெரிந்து, விண்டோஸ் வரும்போது சிக்னல் போனால் கேபிளை மட்டும் குறை சொல்ல முடியாது. கிராபிக்ஸை இயக்கும் மென்பொருளான டிரைவரோ, மானிட்டர் தாங்காத ரெசல்யூஷனோ காரணமாக இருக்கலாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். அதற்கும் அசையாவிட்டால், அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடுக்குப் போக வேண்டும்.

‘நோ சிக்னல்’ என்ற எழுத்துகூட வராத மானிட்டர்தான் உண்மையில் கவலைக்குரியது. அறையின் விளக்கை அணைத்து, மானிட்டரை ஆன் செய்து, திரைமேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படமோ எழுத்தோ தெரிந்தால் திரை வேலை செய்கிறது, பேக்லைட்தான் அணைந்துவிட்டது.