நேஷனல் கார்டு: காவல் படையா, சேமப்படையா?

சென்னை பட்டாளம் பகுதியில் எங்கள் தெருமுனை டீக்கடைக்குத் தினமும் காலையில் ஒரு பெரியவர் வருவார். புதுப்பேட்டை ஆயுதப்படைப் போலீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2025 ஆகஸ்டில் ஒரு நாள் பேப்பரைப் பிரித்து, 'வாஷிங்டனில் குற்றங்களைத் தடுக்க தேசிய காவல் படை குவிப்பு' என்று சத்தமாகப் படித்தார். "எலெக்ஷனுக்கு நம்ம ஊருக்கு சிஆர்பிஎஃப் வர்ற மாதிரிதானே தம்பி? இதுக்கு ஏன் அங்க இவ்ளோ கலாட்டா?" என்றார்.

"இல்ல சார், இவங்க போலீஸ் இல்ல. பட்டாளம்" என்றேன்.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "பட்டாளத்துக்காரனா? ஒருத்தன புடிச்சா அடுத்து என்ன பண்ணணும்னு அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

அமெரிக்காவில் நடந்த சண்டையே இந்தக் கேள்வியைப் பற்றியதுதான். ஆனால் 'நேஷனல் கார்டு' என்ற அமெரிக்கப் படையின் பெயரை மொழிபெயர்க்கத் தலைப்பில் போட்ட 'காவல்' என்ற ஒரே சொல் அந்தக் கேள்வி எழாதபடி மறைத்துவிட்டது. அன்று மாலை டிவியில் அதே செய்தி 'தேசியப் பாதுகாப்புப் படை' என்று ஓடியது. இதற்கு மேல் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் கதை. நேஷனல் கார்டு என்ற பெயர் பிரான்ஸிலிருந்து வந்தது. 1789இல் பாரிஸில் குடிமக்களைக் கொண்டு அமைந்த படைக்கு அந்தப் பெயர். அதன் தளபதி லஃபாயெத். அவர் 1824இல் அமெரிக்கா வந்தபோது, நியூயார்க்கின் குடிமக்கள் படைப்பிரிவு ஒன்று அவரைச் சிறப்பிக்க இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. படை அதைவிடப் பழையது. 1636இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் திரட்டிய படைகளிலிருந்து தன் வயதைக் கணக்கிடுகிறது. 1916இல் வந்த சட்டம் இந்தப் பெயரை நாடு முழுக்கப் பொதுப்பெயராக்கியது. பெயரில் 'நேஷனல்' இருப்பது இப்படி வந்ததுதான். படை மாநிலத்துடையது.

இதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பகுதிநேரச் சிப்பாய்கள். கடையிலோ பள்ளியிலோ வேலை பார்த்துக்கொண்டு, மாதத்தில் ஒரு வாரக்கடைசியும் வருடத்தில் இரண்டு வாரமும் பயிற்சிக்குப் போகிறவர்கள். புயல் வெள்ளம் என்றால் மாநில ஆளுநர் அழைப்பார். போர் என்றால் அதிபர் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்வார். நம் ஊரில் இதற்கு நெருக்கமானது பிரதேச ராணுவம், தோனி கௌரவ லெப்டினன்ட் கர்னலாக இருக்கிறாரே, அது. 1949இல் அதைத் தொடங்கி வைத்தவர் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. ஆனால் அது மத்திய அரசின் ராணுவத்தில் ஒரு பகுதி, எந்த முதல்வருக்கும் அதில் அதிகாரம் கிடையாது. அதனால் அந்தப் பெயரையும் இங்கே போட முடியாது.

சரி, 'தேசிய காவல் படை'யில் என்ன தப்பு? 'கார்டு' என்றால் காவல்தானே என்பார்கள். அகராதிப்படி சரி. ஆனால் இன்றைய தமிழில் காவல் என்றால் போலீஸ். காவல் நிலையம், காவல் ஆணையர், காவல்துறை என்று அரசே அந்தச் சொல்லைப் போலீசுக்கு எழுதிக் கொடுத்து எத்தனையோ வருடம் ஆகிறது. அதோடு 'தேசிய' சேர்ந்தால், டெல்லியிலிருந்து வரும் போலீஸ் என்றுதான் இங்கே வாசிப்போம். பெரியவர் வாசித்ததும் அப்படித்தான். ராணுவத்தைப் போலீஸ் வேலைக்கு இறக்கலாமா என்பது அங்கே வழக்கு. தமிழ்த் தலைப்பிலோ போலீஸ் போலீஸ் வேலைக்குப் போகிறது!

பழைய சொல்வழக்கைக் காட்டி ஒரு நண்பர் மறுத்தார். பாளையக்காரர் காலத்தில் தேசகாவல், ஸ்தலகாவல் என்று இரண்டு உரிமைகள் இருந்தன. ஸ்தலகாவல் ஊருக்கு, தேசகாவல் சுற்றுவட்டாரத்துக்கு. காவலுக்காக ஊர்கள் பணமோ தானியமோ கொடுத்தன. அங்கே தேசம் என்றால் வட்டாரம்தானே, அப்படியானால் 'தேச காவல்' பொருந்துகிறதே என்றார். அழகான வாதம்தான். ஆனால் கம்பெனி ஆட்சி அந்தக் காவல் உரிமையைப் பறித்தபோது சொல்லின் அந்தப் பொருளும் போய்விட்டது. இன்று காலையில் பேப்பர் படிக்கிறவர் தேசம் என்றால் வட்டாரம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்.

'தேசியப் பாதுகாப்புப் படை' இதைவிட மோசம். அந்தப் பெயரில் நம்மிடம் ஏற்கெனவே ஒரு படை இருக்கிறது: கருப்புப் பூனைகள். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அவர்களின் பிரிவு ஒன்று சென்னைக்கும் வந்து, வண்டலூர் பக்கம் நெடுங்குன்றத்தில் இருக்கிறது. வாஷிங்டனில் பூங்காவில் குப்பை பொறுக்கியதாகவும் செய்தியில் வந்தவர்களுக்கு அந்தக் கமாண்டோக்களின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். 'துணை ராணுவம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது இங்கே சிஆர்பிஎஃப் போன்ற உள்துறைப் படைகளுக்கு நிலைத்துவிட்ட பெயர். 'ஊர்க்காவல் படை' என்றால் போக்குவரத்தைச் சரிசெய்ய நிற்கும் நம் தன்னார்வலர்கள். பேசாமல் 'நேஷனல் கார்டு' என்றே விட்டுவிடலாமா? தமிழில் எழுதினால் அது ரேஷன் கார்டு, ஆதார் கார்டு வரிசையில் போய் நிற்கிறது.

அப்புறம் என்னதான் சொல்வது? திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு எழுதிய உரையில் பரிமேலழகர் படையை ஆறாகப் பிரிக்கிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. (இவற்றில் கூலிப்படை மட்டும் இன்றும் நம் கொலைச் செய்திகளில் வாழ்கிறது.) நாட்டுப்படை என்றதும் எனக்கு ஆசை வந்தது. சோழர் காலத்து 'நாடு' சில ஊர்கள் சேர்ந்த சிறு பகுதி, நாட்டார் அதன் சபையார். ஆனால் இன்று நாடு என்றால் இந்தியா, அமெரிக்கா. தேசகாவலுக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும். மனசில்லாமல்தான் விட்டேன்.

என் சொல் மாநிலச் சேமப்படை. சிஆர்பிஎஃப்பைத் தமிழில் எழுத நினைப்பவர்கள் மத்திய சேமக் காவல் படை என்கிறார்கள். சேமம் என்றால் தேவைக்கென எடுத்து வைத்தது, காவல் என்றால் போலீஸ். இரண்டும் அங்கே சரியாக அமர்ந்திருக்கின்றன. அதிலிருந்து காவலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ராணுவச் சேமம். முன்னால் மாநிலம் வந்தால் யாருடையது என்பதும் தெரிந்துவிடும். சேமம் வடமொழி க்ஷேமம் ஆயிற்றே, 'ஏமப்படை' என்று எழுது என்றார் அதே நண்பர். ஏமம் நல்ல சங்கச் சொல்தான், பாதுகாப்பு என்று பொருள். ஆனால் இங்கே நமக்கு வேண்டியது எடுத்து வைத்தது என்ற பொருள். 'கொஞ்சம் சேமிச்சு வை' என்று வீட்டில் தினமும் சொல்கிறோம், அதைப் போய் அயல்சொல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

'மாநில'த்தை விட்டுவிட்டால் செய்தியே புரியாது. போலீஸ் வேலைக்கு மத்திய ராணுவத்தைப் பயன்படுத்துவதை 1878ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது. ஆளுநரின் கட்டளையில் இருக்கும்வரை சேமப்படையை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. அதிபர் எடுத்துக்கொண்டால் கட்டுப்படுத்தும். 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் போராட்டங்களின்போது கலிபோர்னியா ஆளுநரின் எதிர்ப்பை மீறி அதிபர் எடுத்துக்கொண்டார். செப்டம்பரில் அந்தச் சட்டம் மீறப்பட்டது என்று மத்திய நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். தலைநகர் வாஷிங்டனுக்கு ஆளுநரே கிடையாது, அங்கே படை நேராக அதிபரிடம். மெம்ஃபிஸ் நகருக்குப் படை அனுப்ப டென்னசி ஆளுநர் சம்மதித்தார். சிகாகோவுக்கு இல்லினாய் ஆளுநர் சம்மதிக்கவில்லை.

இங்கே இன்னொரு மொழிபெயர்ப்பு வேதனை. 'ஆளுநர் எதிர்ப்பு' என்று படித்தால் நமக்குக் கிண்டியில் இருப்பவர் நினைவுக்கு வருவார், மத்திய அரசு அனுப்பி வைத்தவர். அமெரிக்காவில் ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், நம் முதல்வர் மாதிரி. நடந்தது முதல்வருக்கும் டெல்லிக்குமான சண்டை போன்றது. தமிழில் அதுவே ஆளுநர் டெல்லியோடு மோதுவதாகப் படிக்கிறது. சொல்லை மாற்ற வேண்டாம், 'தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர்' என்று ஒருமுறை எழுதினால் போதும். அந்த ஒரு சொல்லுக்கு இடமில்லை என்கிறவர்கள்தான் 'அதிரடி', 'பரபரப்பு' இரண்டுக்கும் இடம் கண்டுபிடிக்கிறார்கள்.

மறுநாள் பெரியவரிடம் பேப்பர் ஓரத்தில் 'மாநிலச் சேமப்படை' என்று எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ இவனுங்களுக்கு ஆர்டர் யாரு போடுறது? ஸ்டேட்டா, சென்ட்ரலா?" என்றார். அடுத்த டீ ஆறும்வரை அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

எழுதுகிறவர்கள் 'சேமப்படை' என்று சேர்த்தே எழுதுங்கள். 'மாநில'த்துக்குப் பின்னால் வரும் 'ச்' விட்டுப்போக வேண்டாம்.