தெளிந்த நீரெல்லாம் குடிநீர் அல்ல

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஊருணி நீரை நம்பியிருக்கும் ஊர்களில், பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து நீரைத் தெளியவைக்கும் வழக்கம் உண்டு. கொட்டையின் பசைப்பொருள் கலங்கலைத் திரட்டி அடியில் படியவைத்துவிடும். நல்ல வழக்கம்தான். ஆனால், கண்ணாடிபோல் தெளிந்துவிட்ட நீரிலும் வயிற்றுப்போக்கையும் மஞ்சள்காமாலையையும் தரும் கிருமிகள் இருக்கக்கூடும் என்று சொன்னால், நீர்ப் பரிசோதனைக்குச் செல்லும் என்னை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள்.

நாள்தோறும் நீரைக் கொதிக்கவைக்க விறகில்லாத வீடுகளுக்கு நான் சொல்வது வெயில் முறை. பெய்ரூட்டில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஃப்தீம் அக்ராவின் குழுவினர் 1980களின் தொடக்கத்தில் ஆராய்ந்து வெளியிட்ட முறை இது. நிறமற்ற, கீறல் விழாத, 2 லிட்டருக்கு மேற்படாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் லேபிளை உரித்துவிட்டுத் தெளிந்த நீரை நிரப்பி, நிழல் விழாத கூரையில் 6 மணி நேரம் படுக்கவைத்தால், சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களும் வெப்பமும் சேர்ந்து கிருமிகளை அழிக்கின்றன. வானம் பாதிக்குமேல் மூடியிருந்தால் தொடர்ந்து 2 நாள் வைக்க வேண்டும். நிரப்பிய பாட்டிலைச் செய்தித்தாளின் தலைப்பின்மேல் நிறுத்தி, திறந்த வாய்வழியே பார்த்தால் அடியில் எழுத்துகள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நீர் இன்னும் தெளியவில்லை. தேற்றாங்கொட்டைக்கு வேலை இங்கேதான். அடைமழை நாள்களில் இம்முறை உதவாது. குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

உப்பையோ ஃபுளோரைடையோ வெயில் நீக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளைப் போல் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த இடங்களில் கொதிக்கவைப்பதும் பயன்படாது. நீர் ஆவியாக ஆக, எஞ்சியதில் அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே, எந்த முறையையும் பரிந்துரைக்கும் முன் நீரைப் பரிசோதித்தாக வேண்டும்.

ஒரு வீட்டில், மலக்கிருமி கலந்த நீர்பட்டால் கறுத்துவிடும் சோதனைக் குப்பிகள் இரண்டை நிரப்பினேன். கூரையிலிருந்து எடுத்த பாட்டில் நீர் மறுநாளும் நிறம் மாறவில்லை. அதே நீரை ஊற்றிவைத்திருந்த பானையிலிருந்து எடுத்தது மையாகக் கறுத்திருந்தது. "வெதுவெதுன்னு இருந்துச்சு சார், ஆறட்டும்னு பானையில ஊத்துனேன்" என்றார் அந்த அம்மா. பானைக்குள் விரல் நனைய டம்ளர் விட்டு மொள்ளும் வீடு அது. பாட்டிலைத் திறக்காமலே ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்து, குடிக்கும்போது நேரே டம்ளரில் ஊற்றிக்கொள்ளச் சொன்னேன்.