தாய்மாமனுக்கு இடமில்லாத வம்சாவளி

குடிநோய்ப் பிரிவில் புதிதாக ஒருவர் சேர்ந்தால், மருந்துச் சீட்டுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை எடுப்பேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர் மேல் சாய்கோடு. குடிநோய் இருந்தவர் என்றால் உள்ளே கறுப்பு. மூன்று தலைமுறையை வரையப் பத்து நிமிடம் போதும். வீட்டார் உண்மை சொல்லத்தான் பல வாரம் ஆகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரை அவருடைய தாயார் அழைத்து வந்தார். “இவன் அப்பா வழியில் ஒருவரும் தொட்டதுகூட இல்லை, டாக்டர். சேர்க்கைதான் கெடுத்துவிட்டது” என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன். மூன்றாம் முறை வந்தபோது கூட வந்த பாட்டி, கண்ணைத் துடைத்தபடி, “இவன் மாமனும் இப்படித்தானே போய்ச் சேர்ந்தான்” என்றார். தாயார் தரையைப் பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை. அப்பா வழியைப் பற்றி மட்டும் சொன்னார். அம்மா வழியை நான் கேட்கவேயில்லை.

அதன் பிறகு, மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போதெல்லாம் நான் கரும்பலகையில் வரைவது அமெரிக்காவின் ஆடம்ஸ் குடும்பத்தை. அப்பாவும் மகனுமாக இரண்டு குடியரசுத் தலைவர்களைத் தந்த வீடு. கடிதமும் நாட்குறிப்பும் எழுதிக் குவித்தவர்கள் என்பதால் இருநூறு ஆண்டு கழித்தும் அவர்கள் வீட்டுச் சங்கதி நமக்குத் தெரிகிறது.

அந்த அப்பா ஜான் ஆடம்ஸுக்குத் தன் வம்சத்தின் மேல் பெருமை உண்டு. 1638 வாக்கில் மாசசூசெட்ஸுக்கு வந்து குடியேறிய பாட்டனாரின் பாட்டனார் ஹென்றி ஆடம்ஸுக்குக் கல்லறைக் கல் நட்டு, எட்டு மகன்களோடு வந்தவர் என்று பொறித்து வைத்தார். (சொந்த ஊரை டெவன்ஷயர் என்று பொறித்தது தவறு, சாமர்செட் என்று பிற்கால ஆய்வாளர்கள் திருத்தினார்கள். கல்லில் எழுதினாலும் பிழை பிழைதான்.) அந்தக் கல் சொல்வது தந்தைவழியை மட்டும். ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகெயில், வேமத் ஊர்ப் பாதிரியார் ஸ்மித்தின் மகள். அவருக்கு ஒரே தம்பி, வில்லியம். குடி, கடன், மனைவி மக்களை விட்டு விலகிய வாழ்க்கை, 1787-இல் இறந்தார். அவருடைய மகள் லூயிசாவை வளர்த்து ஆளாக்கியது அபிகெயில்தான். ஆடம்ஸ் என்ற குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு வரைபடம் போட்டால் இந்த வில்லியமுக்கு அதில் இடமே கிடையாது. ஆனால் பிள்ளைகளுக்கு அவர் தாய்மாமன்.

அடுத்த தலைமுறைக்கு வருவோம். இரண்டாவது மகன் சார்லஸ் நியூயார்க்கில் வழக்கறிஞர். இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன். அவர் குடியில் விழுந்த நிலை தெரிந்ததும் 1799-இல் தந்தை அவரைத் தலைமுழுகிவிட்டார். மறு ஆண்டு நவம்பரில் தாய் போய்ப் பார்த்தபோது இருமல், ஈரல் கேடு, உடம்பில் நீர் கோத்த வீக்கம். எங்கள் வார்டில் வாராவாரம் பார்க்கும் அதே காட்சி. அந்த மாத இறுதியில் இறந்தார். வயது 30. கடைசி மகன் தாமஸ் நீதிபதியாக இருந்தவர். அவரையும் குடி விடவில்லை. மூத்தவர் ஜான் குவின்சி தப்பித்தார், ஆறாவது குடியரசுத் தலைவரானார். ஆனால் அவருடைய மூன்று மகன்களில் இருவர் தப்பவில்லை. இரண்டாமவர் ஜான் 1834-இல், 31 வயதில் இறந்தார்.

ஜான் குவின்சியின் மூத்த மகன் ஜார்ஜ் வாஷிங்டன் ஆடம்ஸின் கடைசி இரவைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1829 ஏப்ரல் இறுதி. தேர்தலில் தோற்றுப் பதவியிழந்த பெற்றோரை ஊருக்கு அழைத்துவர நீராவிக் கப்பலில் போகிறார். எந்திரம் தன்னோடு பேசுவதுபோல் அவருக்குக் கேட்கிறது. உடன் வந்த பயணிகள் தனக்கு எதிராகச் சதி செய்வதாகச் சொல்லி, கரையில் இறக்கிவிடும்படி கேப்டனைக் கேட்கிறார். சற்று நேரத்தில் மேல்தளத்தில் அவருடைய தொப்பியும் மேலங்கியும் மட்டும் கிடந்தன. வயது 28. நேரில் பார்க்காத மனிதருக்கு நான் நோய்ப்பெயர் எழுத மாட்டேன். ஆனால் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், இல்லாத குரல் கேட்பது, சந்தேகம், வலிப்பு எல்லாம் வரலாம். “அறையில் பூட்டி வைத்தோம், தானாகத் தெளிந்துவிடும் என்று நினைத்தோம்” என்று சொல்லிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். நிறுத்துவதும் மருத்துவர் கண்முன் நடக்க வேண்டிய காரியம்.

இதில் ஒரு கொடுமை உண்டு. குடியை நோய் என்று 1784-லேயே எழுதி வெளியிட்ட மருத்துவர் பெஞ்சமின் ரஷ், ஜான் ஆடம்ஸின் நெருங்கிய நண்பர். பெற்ற மகன் என்றபோது ஆடம்ஸுக்கு அது ஒழுக்கக்கேடாகத்தான் தெரிந்தது. காலையில் எழுந்ததும் ஒரு குவளை ஆப்பிள் மது அருந்தும் பழக்கமுள்ள அவர் 90 வயது வரை இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “எங்கள் தாத்தா தினமும் குடித்தார், 90 வரை இருந்தார்” என்று வாதாடுகிறவர்களிடம், அந்தத் தாத்தாவின் பிள்ளை என்ன ஆனார் என்று கேட்பேன்.

குடிநோய் வருவதில் ஏறத்தாழப் பாதிப் பங்கு மரபணுவுக்கு என்பது இரட்டையர், தத்துப்பிள்ளை ஆய்வுகளின் முடிவு. பிள்ளைகளில் பாதிப் பேர் குடிப்பார்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. ஜான் குவின்சியின் மூன்றாவது மகன் சார்லஸ் பிரான்சிஸ் அதே வீட்டில் பிறந்து, உள்நாட்டுப் போர்க்காலத்தில் லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்து, 79 வயதில் மறைந்தார். இப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: நண்பர்கள் எல்லாரும் தள்ளாடும்போது உனக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லையா? ஆம் என்று பெருமையாகச் சொன்னால் அங்கேயே கவலைப்படத் தொடங்குவேன். போதை ஏறாத உடம்பு பலம் அல்ல. போதும் என்று சொல்லும் மணி அதில் அடிப்பதில்லை.

அந்த இளைஞரின் தாயார் அடுத்த முறை வந்தபோது தாளை அவரே கேட்டு வாங்கினார். தம்பியின் சதுரத்தை என் பேனாவால் மெதுவாகக் கறுப்பாக்கினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு மேலே போய்த் தன் அப்பாவின் சதுரத்தையும் நிரப்பத் தொடங்கினார்.