மொட்டை மாடியில் தேனீப் பெட்டி: யாரைக் கேட்க வேண்டும்?

பெங்களூர் அல்சூர் பக்கம் ஒரு வீட்டு மொட்டை மாடியில் பெட்டி வைத்துக் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பின்வீட்டு அம்மா என்னைத் தன் மாடிக்கு அழைத்துப்போய் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துக் காட்டினார். மிளகு அளவில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள். "மூணு தடவை துவைச்சாச்சு தம்பி, போக மாட்டேங்குது. என்ன இது?"

தேனீயின் எச்சம். தேனீ கூட்டுக்குள் கழிக்காது, வெளியே பறக்கும்போதுதான் கழிக்கும். பெட்டியின் வாசலை நான் அவர் துணி காயப்போடும் கொடியைப் பார்த்து வைத்திருந்தேன். தப்பு என்னுடையது.

பெங்களூரில் பெட்டி கேட்டு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "லைசென்ஸ் எங்கே வாங்கணும் சார்?" என்றுதான். இத்தனை வருடத்தில் வீட்டுப் பெட்டிக்கு உரிமம் காட்டு என்று எந்த அதிகாரியும் என்னிடம் வந்ததில்லை. வருகிற புகார் எல்லாம் பக்கத்து வீட்டிலிருந்துதான். தேசியத் தேனீ வாரியத்தின் மதுகிராந்தி இணையதளத்தில் பதிவு செய்யலாம். ஆனால் அந்தப் பதிவைக் காட்டிப் பக்கத்து வீட்டுக்காரர் வாயை அடைக்க முடியாது.

அதற்காகச் சட்டமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 'விலங்கு' என்றால் மனிதர் தவிர்த்த எல்லா உயிரும்தான், தேனீயும் சேர்த்தி. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், 291ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொதுத் தொல்லை என்று புகார் போனால், குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின் கீழ் நிர்வாக நடுவர் (எக்சிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) பெட்டியை அகற்ற உத்தரவிடலாம்.

அபார்ட்மென்ட்டில் இன்னொரு சிக்கல். 1972ஆம் ஆண்டின் கர்நாடக அடுக்குமாடி உடைமைச் சட்டப்படி கூரை பொதுப் பகுதி. மேல்மாடி வீடு உங்களுடையது என்பதால் அதற்கு மேலே உள்ள மொட்டை மாடியும் உங்களுடையது ஆகிவிடாது. சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாடகை வீடு என்றால் முதலில் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். தேனை விற்கப் போகிறீர்களா? ஒரு பாட்டில் விற்பதற்கு முன்னால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேடிக்கையும் உண்டு. தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் பால்கனிக்கு மேலேயும் பெரிய ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. அதை யாரும் பெட்டியில் வளர்ப்பதில்லை, வளர்க்கவும் முடியாது. பருவம் பார்த்துத் தானாக வரும், தானாகப் போகும். ஆனால் அது கொட்டினால் பழி மாடியில் பெட்டி வைத்தவர் தலையில்தான். நாங்கள் பெட்டியில் வைப்பது இருட்டுப் பொந்தில் பல அடை கட்டும் இந்தியத் தேனீ. இந்த வித்தியாசத்தைப் பெட்டி வருவதற்கு முன்பே அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள். அப்படியே யாருக்காவது தேனீ கொட்டி முன்பு மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் அந்த வீட்டுப் பக்கம் நான் பெட்டி வைக்க மாட்டேன்.

தண்ணீரையும் பெட்டிக்கு முன்பே வையுங்கள். அகலமான தட்டில் கூழாங்கல் போட்டு, தேனீ உட்கார்ந்து குடிக்கும்படி. பக்கத்து வீட்டுச் சொட்டும் குழாயை ஒருமுறை பழகிவிட்டால் அப்புறம் அதை மறக்கடிப்பது பெரும்பாடு.

பெட்டியை இடம் மாற்றுவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஒரு அபார்ட்மென்ட்டில் செயலாளர் சொன்னார் என்று காவலாளி பட்டப்பகலில் பெட்டியைத் தூக்கி மாடியின் அந்தக் கோடியில் வைத்துவிட்டார். மேயப் போயிருந்த தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து, பெட்டியைக் காணாமல் சோலார் ஹீட்டர் குழாயில் கொத்தாக உட்கார்ந்துவிட்டன. துணி எடுக்க வந்தவருக்கு இரண்டு கொட்டு. தேனீ நினைவில் வைப்பது இடத்தை, பெட்டியை அல்ல. ஒன்று, நாளுக்கு ஓரிரு அடியாக நகர்த்த வேண்டும். இல்லையென்றால், இருட்டி எல்லாம் உள்ளே வந்தபின் வாசலை அடைத்து, சில கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் இரண்டு மூன்று வாரம் வைத்திருந்து, பிறகு புது இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அல்சூர் பெட்டியையும் அப்படித்தான், தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வாசலைக் கிழக்கே கொண்டுவந்தேன். எதிரே ஆறடி உயரத்துக்குப் பச்சை நிழல்வலை கட்டினேன். வாசலை விட்டதும் தேனீ மேலே ஏறித்தான் பறக்க வேண்டும், கொடி உயரத்தில் குறுக்கே போகாது. புதுப் புள்ளிகள் நின்றன. பழைய கறை மட்டும் போகவில்லை. அந்த அம்மாவின் கணவருக்கு நான்கு முழ வேட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.