குண்டு சிறுத்தால் காயம் சிறுக்குமா?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) சுடப்பட்ட மினியே குண்டு கட்டைவிரல் நுனிப் பருமன் இருக்கும். விட்டம் சுமார் 14.7 மி.மீ., எடை 32 கிராம், உறையில்லாத மெத்தென்ற ஈயம். எலும்பில் பட்டதும் சப்பையாகிவிடும். எலும்பு சில்லுசில்லாகத் தெறிக்கும். அப்படிப்பட்ட கையையோ காலையோ அறுத்தெடுப்பதைத் தவிர அன்றைய வைத்தியர்களுக்குப் பெரும்பாலும் வேறு வழியில்லை.

1880களில் புகையில்லா வெடிமருந்து வந்தது. வேகம் கூடியதும் ஈயம் துப்பாக்கிக் குழலுக்குள் அப்பிக்கொண்டது. அதனால் குண்டுக்குக் கெட்டியான உலோக உறை போட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷார் போயர்களோடு மோதிய போயர் போரில் (1899–1902) போயர்கள் சுட்ட மவுசர் துப்பாக்கிக் குண்டின் விட்டம் 7 மி.மீ., எடை 11 கிராம், வேகம் விநாடிக்குச் சுமார் 700 மீட்டர். மினியேயின் வேகம் 300 மீட்டர்தான். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் குண்டின் ஆற்றல் கிடைக்கும்: மினியேவுக்கு 1,400 ஜூல், மவுசருக்கு 2,700. ஆற்றல் இரட்டிப்பு. ஆனால் நெஞ்சில் பாய்ந்து முதுகு வழியே போன பிறகும் பலர் பிழைத்ததைப் பார்த்து பிரிட்டிஷ் மருத்துவர்களே வியந்தார்கள். கொண்டுவந்த ஆற்றலில் பெரும்பகுதியைக் குண்டு தன்னோடே எடுத்துப் போய்விட்டது!

அதற்கு முன்பே இந்தியாவின் வடமேற்கு எல்லையில் பிரிட்டிஷ் படைக்கு இதே மனக்குறை: தங்கள் குண்டும் எதிரியை இப்படித் துளைத்துப் போய்விடுகிறதே என்று. கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச்சாலையில் நுனி உறையை நீக்கி, உடலுக்குள் விரியும் குண்டைச் செய்தார்கள். 1899-இல் ஹேக் நகரில் கூடிய சர்வதேச மாநாடு அந்த வகையைப் போரில் தடை செய்தது. இன்று கொல்கத்தா விமான நிலையம் இருப்பது அதே டம்டத்தில்தான்.

உடலுக்குள் குண்டு செய்வதைக் கண்ணுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர். 1980களில் அவர் உடல் திசுவுக்குப் பதிலாக ஜெலட்டின் பாளங்களில் சுட்டுப் பார்த்தார். குண்டு நசுக்கிய தடம் நிரந்தரமாக நிற்கிறது. அதைச் சுற்றிப் பெரிய குழி ஒன்று நொடிப்பொழுதில் விரிந்து சுருங்குகிறது. நுரையீரல் ரப்பர் மாதிரி, அந்த விரிவைத் தாங்கிவிடும். கல்லீரல் தாங்காது, கிழிந்துவிடும்.

கூர்நுனிக் குண்டுக்குப் பின்பக்கம் கனம். அதனால் திசுவுக்குள் போனதும் தலைகீழாகப் புரளப் பார்க்கும். புரண்டால் காயம் பெரிதாகும். எப்போது புரள்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ரஷ்யத் துப்பாக்கியான ஏ.கே.-47-இன் 7.62 மி.மீ. குண்டு ஜெலட்டினில் சுமார் 25 செ.மீ. நேராகவே போனது; மனித உடம்பில் அதற்குள் பெரும்பாலும் வெளியேறியிருக்கும். அதற்குப் பின் வந்த ஏ.கே.-74-இன் 5.45 மி.மீ. குண்டோ 7 செ.மீ.யிலேயே புரளத் தொடங்கியது.