தொழுவத்தில் கை வைப்பதற்கு முன்

பழைய பண்ணைகளைச் சீரமைக்க எங்களைப் போன்ற மரபுக் கட்டடக் கலைஞர்களை அழைப்பவர்களில் பலர் முதலில் சொல்வது இதுதான்: "வீட்டைக் காப்பாற்றிக் கொடுங்கள். பின்னால் இருக்கும் தொழுவம், களஞ்சியம், கொட்டகையெல்லாம் இடித்துவிடலாம்."

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். வீட்டைத் தலைமுறைதோறும் மாற்றியிருப்பார்கள். கொட்டகைக்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வந்திருக்காது. அதனாலேயே பழைய வேலைப்பாடு பெரும்பாலும் அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

இங்கிலாந்தின் பழைய கதிரடிப்புக் கொட்டகைகளில் எதிரெதிரே இரண்டு பெரிய வாசல்கள் இருக்கும். நடுவே கதிரடிக்கும் தளம். இரு கதவுகளையும் திறந்துவைத்தால் குறுக்கே வீசும் காற்று பதரைப் பிரித்துவிடும். அதில் ஒரு வாசலைச் சுவர் வைத்து அடைத்தால் கொட்டகை எதற்காகக் கட்டப்பட்டது என்பதே விளங்காமல் போகும். வடமேற்கு ஸ்பெயினின் தானியக் களஞ்சியங்கள் தூண்கள்மேல் நிற்கின்றன. தூண் உச்சியில் அகலமான தட்டைக்கல் இருப்பதால் ஏறிவரும் எலி அதற்கு மேல் போக முடியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மேட்டின் சரிவை ஒட்டிக் கொட்டகை கட்டினார்கள். மேட்டுப் பக்கமிருந்து வண்டி நேராக மேல்தளத்துக்குள் போகும். வைக்கோல் மேலே, மாடுகள் கீழே.

இடிப்பதைவிட அதிகமாக நான் அஞ்சுவது, நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் சிமென்ட் பூச்சைத்தான். பல காலம் மாடு கட்டிய தொழுவத்தின் அடிச்சுவரில் சாணமும் கோமியமும் ஊறி நைட்ரேட் உப்புகள் தங்கியிருக்கும். அவை காற்றிலிருக்கும் ஈரத்தையே இழுக்கும். ஈரம் காயும்போது உப்பு படிகமாகிப் பூச்சை உதிர்க்கும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியேவிடும், உதிர்ந்தாலும் மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைப்பதால் செங்கல்லும் மென்மையான கல்லும் பொடிந்துபோகும். பூச்சு வெளியே திடமாகத் தெரியும், சேதம் பின்னால் நடந்துகொண்டிருக்கும். சுவரை ஒட்டி உயர்ந்துவிட்ட மண்ணை வெட்டியெடுத்து, கூரைத் தண்ணீர் விலகி ஓட வழி செய்தாலே பாதி ஈரப் பிரச்சினை குறைவதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

வேலை தொடங்குமுன் எல்லாவற்றையும் அளந்து படமெடுங்கள். முக்கியமாக உத்தரங்களைப் பாருங்கள். மூட்டுகளுக்கு அருகே தச்சர்கள் செதுக்கிய அடையாளங்கள் இருக்கலாம். எதுவும் பொருந்தாமல் வெறுமனே இருக்கும் துளைகள், அங்கே முன்பு ஒரு பரண் இருந்ததையோ, அந்த மரம் வேறொரு கட்டடத்திலிருந்து வந்ததையோ காட்டும். பழையது என்று பெயர் சொல்லி அதைக் கழற்றி விற்றுவிடாதீர்கள்.

கட்டாயம் ஓர் அறை வேண்டுமென்றால் களஞ்சியத்தையோ வண்டிக் கொட்டகையையோ முதலில் பாருங்கள். உப்பேறிய தொழுவத்தைப் படுக்கையறை ஆக்காதீர்கள். பட்டறைக்கோ கருவிகள் வைக்கவோ அது நன்றாகவே பயன்படும்.