‘எனக்கும் அப்படித்தான்மா இருந்துச்சு’

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள். குடித்த ஒரு மிடறு தண்ணீர் நெஞ்சுக்கு நடுவே வந்து நின்றுகொண்டு, இறங்கவும் மாட்டேன், ஏறவும் மாட்டேன் என்கிறது. டாக்டருக்கு போன் போடுகிற அளவுக்கு இது பெரிய விஷயமா என்று தெரியவில்லை. வீட்டில் இருப்பவர்களோ, “தண்ணிகூடவா குடிக்க முடியலை?” என்கிறார்கள். அந்த நேரத்தில், இரண்டு வருடம் முன்னால் இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஓர் அக்கா சொல்கிறார்: “எனக்கும் அப்படித்தான்மா இருந்துச்சு. மடக் மடக்குனு குடிக்காதே. ஸ்பூன்ல எடுத்துக் குடி. கொஞ்ச நாள்ல சரியாயிடும்.”

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிய கட்டுரைகளில் ஸ்டேப்ளர் வரும், ஹார்மோன் வரும், கிலோ கணக்கு வரும். இந்த அக்கா வர மாட்டார். ஆனால் அவர் சொன்ன நாலு வரிக்குள்ளும் ஓர் அறிவியல் இருக்கிறது. அதற்கு முன்னால் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம்.

இன்று பெரும்பாலும் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் என்பதில் இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். பைபாஸ் என்பதில் எதையும் வெளியே எடுப்பதில்லை. இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சின்னப் பை ஒன்றைத் தனியாகப் பிரித்து, சிறுகுடலில் கொஞ்சம் கீழே தள்ளி ஓரிடத்தில் இணைத்துவிடுகிறார்கள். 30 மி.லி. என்றால் இரண்டு மேசைக்கரண்டி, அவ்வளவுதான். பெரிய இரைப்பை உள்ளேயேதான் இருக்கும், சாப்பாடு மட்டும் அந்தப் பக்கம் போகாது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் 1966-ல் இதைத் தொடங்கிவைத்தார். அல்சருக்காக இரைப்பையின் பெரும்பகுதியை இழந்தவர்களுக்கு எடை ஏறாமலே இருந்ததைக் கவனித்ததுதான் அவருக்குக் கிடைத்த பொறி.

பை சிறுத்துவிட்டது, சாப்பாடு குறைந்தது, எடை இறங்கியது. இப்படித்தான் முதலில் எல்லோரும் கணக்குப் போட்டார்கள். கணக்கு உதைத்தது. வட கரோலினாவில் வால்டர் போரிஸ் குழுவினர் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், பைபாஸ் செய்துகொண்ட 146 சர்க்கரை நோயாளிகளில் 121 பேருக்கு ரத்தச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்திருந்தது. பலருக்கு எடை குறைய ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, சில நாட்களில் சர்க்கரை இறங்கிவிடுகிறது. சாப்பாடு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் குடலின் கீழ்ப்பகுதிக்குப் போய்ச் சேருவதால், ஜி.எல்.பி-1 போன்ற ஹார்மோன்கள் அங்கிருந்து நிறையச் சுரக்கின்றன. இன்சுலினைத் தூண்டுவதும் ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்வதும் இவற்றின் வேலை. இன்னொரு பக்கம் கிரெலின். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999-ல் கண்டுபிடித்த பசி ஹார்மோன் இது. இதை அதிகமாகச் சுரப்பது இரைப்பையின் மேல்வளைவு. ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படுவது அந்த இடமேதான்.

பட்டினி கிடந்து எடையைக் குறைப்பவருக்குக் கிரெலின் ஏறும், உடம்பு பழைய எடைக்கே திரும்பச் சொல்லி நச்சரிக்கும். ஆபரேஷன் அந்த நச்சரிப்பைக் கொஞ்ச காலத்துக்கு அடக்கி வைக்கிறது. ஆனால் வயிற்றுப் பசி வேறு, ‘நாக்கு கேட்குது’ என்கிற பசி வேறு. சாயங்காலம் ஐந்து மணிக்கு டீயோடு பஜ்ஜி தேடுகிற பழக்கம் இரைப்பையில் இல்லை. அதை யாராலும் வெட்டி எடுக்க முடியாது.

சரி, இப்போது அந்த அக்காவிடம் வருவோம். இவரைப் போன்றவர்களைச் சந்திப்பது, இதே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கூடிப் பேசும் குழுக்களில். ஒரே நோய்க்காரர்களைச் சேர்த்து உட்காரவைப்பது பழைய யோசனை. 1905-ல் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற டாக்டர், காசநோய் வந்த ஏழைகளை வாரம் ஒருமுறை ஒன்றாகக் கூட்டினார். தினமும் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு ஓய்வு எடுத்தோம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். குழு சிகிச்சையின் வரலாற்றை இங்கிருந்துதான் பலர் தொடங்குகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அங்கே எடை ஏறினால்தான் சந்தோஷம்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு நல்ல விளக்கத்தை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் கொடுத்தார். ‘என்னால் இது முடியும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? தானே செய்து பார்ப்பதில் இருந்து வருவது முதல் வகை. நம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பதில் இருந்து வருவது அடுத்தது. ‘நம்மைப் போன்ற’ என்பதுதான் இங்கே முக்கியம். ஒல்லியான டயட்டீஷியன் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், ‘இவங்களுக்கென்ன தெரியும்’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கத்தான் செய்யும். அதே முட்டிவலி, அதே மாமியார் சமையல், அதே 120 கிலோவில் இருந்து இறங்கி வந்தவர் சொல்லும்போது அந்தக் குரலுக்கு வேலை இல்லை.

என்னைக் கேட்டால், நம்பிக்கையைவிடப் பெரிய உதவி நாட்காட்டி. என்ன நடக்கும் என்று டாக்டர் சொல்லிவிடுவார். எப்போது நடக்கும், நடக்கும்போது எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர்தான் சொல்ல முடியும். மூன்றாம் வாரம் வாக்கில் பலருக்கும் எடை அப்படியே நின்றுவிடும். இதற்கு ஒரு காரணம் கிளைகோஜன். கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் இந்தச் சர்க்கரை, தன் எடையைப்போல் சுமார் மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். முதல் நாட்களில் அது கரையும்போது தண்ணீரும் சேர்ந்து போகும், தராசு முள் சரசரவென்று இறங்கும். அது முடிந்ததும் கொழுப்பு மெதுவாகத்தான் கரையும். ‘இவ்வளவு செலவு பண்ணியும் நமக்கு மட்டும் பலிக்கலையோ’ என்று ஒருவர் அழுகிற வாரம் அது.

அப்புறம் மூன்றாவது, நான்காவது மாதத்தில் முடி கொட்டும். சீப்பைப் பார்த்தாலே பயம் வரும். உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி ஏற்பட்டால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பல ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை உதிர்வதற்குச் சுமார் மூன்று மாதம் ஆகும். வேர் சாகவில்லை என்பதால் பெரும்பாலும் மறுபடி வளர்ந்துவிடும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கும், தலைநிறைய முடியோடு எதிரே உட்கார்ந்திருப்பவர் “என் போட்டோவைப் பாருங்க, அஞ்சாம் மாசம் எடுத்தது” என்று போனை நீட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கல்யாணப் பந்தி தனிக்கதை. இலையில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். நாலு வாய்க்குமேல் ஏற்காத வயிற்றோடு அந்த இலைக்கு முன்னால் உட்காருவது சங்கடம். அதில் பாயசத்தை வேறு குடித்துவிட்டால் போச்சு. பைபாஸ் செய்தவர்களுக்குச் சர்க்கரை நேராகச் சிறுகுடலில் கொட்டுகிறது. அடர்த்தியான அந்தக் கரைசல் சுற்றியுள்ள ரத்தக்குழாய்களில் இருந்து தண்ணீரை உள்ளே இழுக்கிறது. பத்து நிமிடத்தில் இருந்து அரை மணிக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், வயிறு பிசையும். டம்பிங் என்பார்கள். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வருகிற இன்னொரு வகையும் உண்டு. ஏறின சர்க்கரைக்கு இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, சர்க்கரை தடாலென்று இறங்கி, கை நடுங்கும். பழகியவர்கள் பந்திக்குப் போகும் உத்தி வைத்திருக்கிறார்கள்: வீட்டில் புரதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போவது, குழந்தையோடு இலையைப் பகிர்ந்துகொள்வது, சாப்பிட்ட அரை மணி கழித்தே தண்ணீர் குடிப்பது. பாடப்புத்தகத்தில் கடைசி ஒன்றுதான் இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல பக்கம். அதே வாக்கியம் ஆளைக் கொல்லவும் செய்யும்.

முதல் சில வாரங்களில் காய்ச்சல், ஓயாத நெஞ்சுப் படபடப்பு, அதிகரிக்கும் வயிற்றுவலி, தோள்வலி என்று வந்தால், தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கலாம். காலில் வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் ரத்தக்கட்டி காரணமாக இருக்கலாம். இங்கே ‘எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, சரியாயிடும்’ என்று சொல்லக் கூடாது. விடாத வாந்தியும் அப்படித்தான். பி1 என்னும் தயமின் நம் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் கையிருப்பு உண்டு. அது தீர்ந்தால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், மூளையே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். சோர்வாக இருக்கிறதே என்று தயமின் இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். மாத்திரை அளவையும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து மாற்றக் கூடாது. ஒருவருக்கு இன்சுலின் நிறுத்தப்பட்டது என்பதற்காக இன்னொருவர் நிறுத்த முடியாது. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்கப் போகிறவரை, “பைபாஸ் பண்ணவங்க அதைப் போடக் கூடாது, வயித்துல புண்ணாயிடும்” என்று தடுத்து நிறுத்துவதும் பெரும்பாலும் சக நோயாளிதான். நல்ல குழுக்களில் ஒரு நர்ஸோ டயட்டீஷியனோ ஓரமாக உட்கார்ந்திருப்பார். பேசுவது குறைவு, காது கொடுப்பது அதிகம்.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா? கூட்டங்களுக்கு ஒழுங்காக வந்தவர்களுக்கு எடை கூடுதலாகக் குறைந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இதை அப்படியே விழுங்கிவிட முடியாது. எடை நன்றாக இறங்கினவர் உற்சாகமாக வருவார். ஏற ஆரம்பித்தவர் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். வந்ததால் குறைந்ததா, குறைந்ததால் வந்தார்களா? இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போதாக்குறைக்கு, ‘உனக்கு மூணு மாசத்துல எத்தனை கிலோ?’ என்கிற ஒப்பீடு வேறு. ஸ்லீவும் பைபாஸும் வேறு, இருபத்தைந்து வயதும் ஐம்பது வயதும் வேறு, 160 கிலோவில் தொடங்கியவரும் 100 கிலோவில் தொடங்கியவரும் வேறு.

பெரும்பாலானவர்களுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு வருடத்தில் எடை அதன் அடிமட்டத்தைத் தொடும். பிறகு கொஞ்சம் ஏறுவது சாதாரணம். கூட்டத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையும் அந்தச் சமயத்தில்தான் சரியத் தொடங்குகிறது. துணியெல்லாம் தொளதொளத்தாயிற்று, இனி எதற்கு என்று தோன்றிவிடும்.

பி12 கணக்கு இங்கேதான் வருகிறது. உணவில் இருக்கும் பி12-ஐ உடம்பு எடுத்துக்கொள்ள, இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் துணை செய்ய வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தத் துணை குறைந்துவிடுகிறது. ஆனால் கல்லீரல் சில வருடங்களுக்கு வேண்டிய பி12-ஐ ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பதால் உடனே ஒன்றும் தெரியாது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவருக்குக் கையிருப்பே குறைவு. கையிருப்பு தீரும்போது பாதம் மரத்துப்போகும், மறதி வரும், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அதனால்தான் ஏழு வருடம் ஆனவர்களும் விடாமல் வருகிற குழுக்களில் ஒரு கேள்வி வழக்கமாகிவிடுகிறது. புதிதாக வந்தவர்கள் முடியைப் பற்றியும் கிலோவைப் பற்றியும் பேசி முடித்ததும், நாலு மாதமாகக் காணாமல் போய் இன்று வந்திருக்கிறவர் பக்கம் அந்த அக்கா திரும்புவார்.

“தம்பி, பி12 ஊசி போட்டீங்களா?”